வௌவால் தோட்டத்துப் பிள்ளைகள் கடலுக்குப் போன வரலாறு

கூரையைக் கண்டுபிடித்தவனை உலகம் போற்றுகிறது. அவன் யார், எந்தக் குகையில் குடியிருந்தான் என்று தெரியாவிட்டாலும் போற்றுகிறது. ஆனால் கூரையே இல்லாமலும் கல்வி நடக்கும், அதுவும் மழையில் அமோகமாக நடக்கும் என்று கண்டுபிடித்துக் காட்டிய ஒரு மேதையை உலகம் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை. அவர் நெகிரி செம்பிலானில், போர்டிக்சன் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டத்தில், வெள்ளைக் கால்சட்டையும் சோலார் தொப்பியுமாக வாழ்ந்தார். பெயர் திருநாவுக்கரசு. தோட்டத் தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியர். அந்தப் பள்ளியில் அவரைத் தவிர வேறு ஆசிரியர் கிடையாது என்பதால் தலைமை முழுவதும் அவரிடமே தங்கியிருந்தது.

தோட்டத்துக்குப் பலகையில் ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. அதைத் துரையும் தபால்காரரும் மட்டுமே உச்சரித்தார்கள். ரப்பர்த் தகடு உலர்த்திய பழைய புகைவீட்டு உத்தரத்தில் பகலெல்லாம் வௌவால்கள் தொங்கிக்கொண்டிருந்ததால் ஜனங்களுக்கு அது வௌவால் தோட்டம்.

அது அவசரகாலம். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காடேறிய காட்டுக்காரர்கள் துப்பாக்கியோடு வருவதும், அவர்களைத் தேடி ராணுவம் துப்பாக்கியோடு போவதும், நடுவில் இருந்த ஜனங்கள் இரண்டு பக்கமும் கும்பிடு போட்டுக் கழுத்து சுளுக்கிக்கொள்வதுமான காலம். சிதறிக் கிடந்த லயத்து வீடுகளைப் பிரித்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் இரட்டை முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு வாசல். விடிந்தால் திறக்கும், பொழுது சாய்ந்தால் மூடும். வேலி உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்றார் துரை. ஜனங்களும் நம்பினார்கள். துரை பங்களாவைச் சுற்றியும் வேலி இருந்ததே! அந்த வேலிக்குள் ஒரு டென்னிஸ் மைதானமும் இருந்தது என்பதைப் பெரிதுபடுத்துவது நன்றாக இருக்காது.

இப்படிப்பட்ட நல்ல நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. மாணவர்களை நான்கு சுவர்களுக்குள் அடைத்து வைப்பது மனவளர்ச்சிக்குக் கேடு என்றும், அவர்களை அவ்வப்போது 'இயற்கை அன்னையின் மடியில்' கொண்டுபோய் விட வேண்டும் என்றும், அதற்குத் 'திறந்தவெளிக் கல்வி' என்று பெயர் என்றும் அது அறிவித்தது.

நான்கு சுவர் என்ற குற்றச்சாட்டு வௌவால் தோட்டப் பள்ளிக்குப் பொருந்தாது. அதற்கு இருந்தது மூன்று சுவர். கூரைத் தகரத்தில் பாதி ஒரு காற்றில் பறந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய், அங்கேயே பதவி உறுதியாகிவிட்டது. எனவே தகரமில்லாத பாதியில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குச் சுற்றறிக்கை வருமுன்பே திறந்தவெளிக் கல்வி நடந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் மட்டும் தகரமுள்ள பாதியில் நின்று அதை நடத்தினார்.

ஆனாலும் சுற்றறிக்கையைப் படித்ததும் அவர் கண்கள் கலங்கின. கலங்கிய கண்களுக்கு முன்னால் தெமியாங் தெரிந்தது. சிரம்பான் பட்டணத்தை ஒட்டிய அந்தத் தெமியாங்கில் ஒரு பள்ளி இருந்தது. அதன் தலைமையாசிரியர் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். தார் ரோடு, மின்விளக்கு, எதிரிலேயே ரொட்டிக் கடை. முக்கியமாக, வேலி இல்லை. துரை ஒரு வார்த்தை சொன்னால் போதும். துரைமார்கள் கிளப்பில் சொல்கிற வார்த்தை போக வேண்டிய காதுக்குத் தானாகப் போய்ச் சேரும். வாத்தியாரின் மனைவி லெட்சுமி அம்மாள் தெமியாங் வீட்டில் அரிசிப் பானையை எந்த மூலையில் வைப்பது என்பதைக் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போதே தீர்மானித்துவிட்டாள். மற்றப் பெண்களும் வாளி நிறையும் வரை அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார்கள்.

துரை மனம் குளிர ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும். உடனே ஆபீசில் கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் துரை, ஆபீஸ் கணக்கெழுதும் ராமசாமி கிராணி, வாத்தியார் ஆகிய மூன்று பேர். பொருள்: 'இயற்கை எங்கே இருக்கிறது?'

"இயற்கை நம்ம தோட்டத்துலயே கொட்டிக் கெடக்கு சார்" என்றார் ராமசாமி கிராணி. லாரிக்கு எண்ணெய் ஊற்றுவதென்றால் அவருக்குச் சொந்த ரத்தத்தை ஊற்றுவது போல. "ஜன்னலத் தொறந்தா மரம். கதவத் தொறந்தா மரம்."

"அவை மரங்கள் அல்ல கிராணி. கம்பெனியின் சொத்து" என்றார் வாத்தியார். கூட்டங்களில் அவர் அச்சடித்த தமிழில்தான் பேசுவார்.

"அப்ப புல்லு?"

"புல்லும் கம்பெனியுடையது. ஆடு மேய்ந்தால் அபராதம் போடுகிறோம் அல்லவா?"

"மழை?"

"மழை நஷ்டக் கணக்கில் வருகிறது. இயற்கை என்றால் அது யாருக்கும் சொந்தமில்லாததாக இருக்க வேண்டும். நான் ஆழ்ந்து யோசித்துப் பார்த்தேன். இந்த வட்டாரத்தில் அப்படி மிச்சமிருப்பது கடல் ஒன்றுதான். சி ரூசா கடற்கரை."

துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார். தோட்டத்துக் கூலிகளிடம் கற்ற தமிழை அவர் படித்தவர்களிடமும் பாரபட்சமின்றிப் பேசுவார்.

"கடல்! வெரி குட்! நான் சனிக்கிழமை போர்டிக்சன் கிளப் போறான். நம்ம ஜீப் முன்னே போவும், துப்பாக்கி ஆள் எல்லாம் இருக்கு. லோரி பின்னாலே வா. என்ன வாத்தியார், நல்லா இருக்கா?"

"மிகவும் நல்லாயிருக்கு துரை!" என்று வாத்தியார் அச்சுத் தமிழிலிருந்து சட்டென்று இறங்கி வந்தார்.

மறுநாள் வகுப்பில் அறிவிப்பு வெளியானது. கடைசி வகுப்பில் பஞ்சாலை என்று ஒரு பெண் இருந்தாள். அடுத்த மாதம் பள்ளியை விட்டு நின்று, தாய் வள்ளியம்மாவோடு மரம் வெட்டப் போக வேண்டியவள். பால்மரத்தைக் கீறிப் பால் இறக்குவதற்குத் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றுதான் பெயர். அவள் அப்பன் கப்பலில் வந்தவன். கடல் எப்படியிருக்கும் என்று கேட்கிற வயது அவளுக்கு வந்தபோது பதில் சொல்ல அவன் இல்லை.

அவள் எழுந்து நின்றாள். "சார், கடலச் சுத்தியும் வேலி போட்டிருப்பாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

வாத்தியார் ஒரு கணம் யோசித்தார். அவரும் கடலைப் பார்த்து வெகுநாளாயிற்று. அவசரகாலத்தில் எதைச் சுற்றி எது இருக்கும் என்று யார் கண்டது? "அருமையான வினா" என்றார். "இதற்குப் புத்தகத்தில் விடை தேடக் கூடாது. நேரில் கண்டு தெளிவதுதான் திறந்தவெளிக் கல்வி. கடற்கரையில் நிற்கும்போது நானே உனக்கு விடை சொல்வேன். இது திருநாவுக்கரசின் வாக்கு."

மாலையில் வள்ளியம்மா பள்ளி வாசலுக்கே வந்துவிட்டாள். தலையில் கட்டிய துணியில் பால் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"மெய்யாலுமே கூட்டிட்டுப் போறீங்களா சார்?"

"துரையே உத்தரவு போட்டிருக்கிறார்."

"இந்த ஒரு தரம் கண்ணால பாத்துட்டு வந்துடட்டும் சார். அடுத்த மாசத்துலேர்ந்து அவளுக்கும் மரந்தான். மரத்தடியிலயே கெடந்தாலும் நெனச்சுக்க ஒண்ணு இருக்கும்ல?"

"கவலையை விடு. இயற்கை அன்னையின் மடியில் உன் மகளை நானே உட்கார வைப்பேன்" என்றார் வாத்தியார். இயற்கை அன்னை அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் போலும்.

முதல் சனிக்கிழமை, யாரோ வேலிக் கம்பியை அறுத்துவிட்டார்கள் என்று நாள் முழுக்க ஊரடங்கு. பயணம் 'ஒத்திவைக்கப்பட்டது'. அடுத்த சனிக்கிழமை கொட்டிய மழையில் லாரிப் பாதை ஓடையாகி, ஓடையில் பிள்ளைகள் கெண்டை பிடித்தார்கள். பயணம் 'மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது'. அதற்கடுத்த சனிக்கிழமை வானம் தெளிவாக இருந்தது, துரைக்குத்தான் வயிற்றுப்போக்கு. பயணம் 'இயற்கை காரணங்களால்' ஒத்திவைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் வள்ளியம்மா மகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து, தீபாவளிப் பாவாடை கட்டி, சிவப்பு ரிப்பனில் பூ முடிந்து அனுப்புவாள். ஒவ்வொரு முறையும் அவிழ்ப்பாள். ரிப்பன் ஓரம் பிரிந்து நூலாயிற்று. பெண் மட்டும் அடுத்த சனிக்கிழமை என்றால் விடியுமுன் எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

ஒருவழியாக அந்தப் பொன்னாள் வந்தது. வாத்தியார் புதிதாக வாங்கிய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவர வேண்டும், கிளிஞ்சல், சங்கு, கடற்பாசி முதலிய 'இயற்கைப் பொருள்களை'ச் சேகரிக்க வேண்டும் என்பது கட்டளை. தோட்டத்துப் பிள்ளையிடம் வேறு என்ன பாத்திரம் இருக்கும்? விடுமுறை நாளில் அப்பா அம்மாவுக்கு ஒத்தாசையாகப் பால் எடுக்கப் போகும்போது தூக்குகிற சின்ன வாளிகள்தான். எல்லாம் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று இருந்தன.

வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் மாயாண்டி நின்றான். வெளியே போகும் ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பது அவன் உத்தியோகம். அவன் பார்வை லாரியில் ஏற்ற வைத்திருந்த அண்டாவின் மேல் விழுந்தது. லயத்துப் பெண்கள் தங்கள் வாராந்திரப் பங்கு அரிசியில் பிடிப்பிடியாகப் போட்டு ஆக்கிய புளிச்சோறு அது.

"இது என்னா சார்?"

"பிள்ளைகளின் மதிய உணவு."

"சோறு வேலியத் தாண்டக் கூடாது சார். காட்டுக்காரனுக்குப் போயிரும்."

"மாயாண்டி, இது கல்வி சம்பந்தப்பட்ட சோறு!"

"சட்டத்துல சோறுன்னா சோறுதான் சார். படிச்ச சோறு, படிக்காத சோறுன்னு பிரிக்கல."

"மத்தியானம் பிள்ளைகள் எதை உண்பார்கள்?"

மாயாண்டி சோதனைக் கம்பியை அண்டாவுக்குள் விட்டுக் கிளறியபடி யோசித்தான். அவன் கெட்டவன் இல்லை, உத்தியோகம் அப்படி. "வயித்துக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போனா ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். வயித்தத் தொறந்து பாக்கச் சொல்லி இன்னும் ஆர்டர் வரல."

ஆகவே அன்றைய மதிய உணவு, சூரியன் சரியாக எழுமுன்பே, முள்கம்பி ஓரமாகப் பந்தி போட்டுப் பரிமாறப்பட்டது. வேலைக்குக் கிளம்பிய பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். செல்லம்மா என்கிற வாயாடி, பஞ்சாலையின் சோற்றில் ஒரு கருவாட்டுத் துண்டை வைத்தாள்.

"இந்தாடி, கடல்லேர்ந்து ஒன்னத் தேடி ஆள் வந்திருக்கு. என்னா ஏதுன்னு விசாரிச்சுக்க."

"அது செத்துப்போச்சேக்கா."

"கரையேறுனா அப்படித்தான்டி. ஒங்கப்பனும் நானும் ஏறலயா?"

வள்ளியம்மா மகளின் ரிப்பனை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு, உளியும் வாளியுமாக வாசலைத் தாண்டிப் போனாள். துரை தூங்கி எழுந்து, ஆம்லெட் சாப்பிட்டு, ஜீப்பில் ஏற வெயில் உச்சிக்குப் போகத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் அதுவரை லாரியிலேயே நின்று மனவளர்ச்சி பெற்றார்கள்.

லாரி என்பது தோட்டத்துப் பால் லாரி. ஓட்டுநர் நஸ்ருதீன், பேச்சின் வாலில் மலாய் 'லா'வை ஒட்டிப் பேசுகிறவன். வாத்தியார் முன் இருக்கையில் ஏறி அமர்ந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பொதுவாக விசாரித்தார்.

"வழியில் காட்டுக்காரர்கள் சுடுவதுண்டா நஸ்ருதீன்?"

"சுட்டாலும் மொதல்ல டிரைவரத்தான் சார் சுடுவான். வண்டி நிக்கணும்ல?"

"அப்புறம்?"

"அப்புறம் பக்கத்துல ஒக்காந்திருக்கிற ஆளு லா."

வாத்தியார் இறங்கிவிட்டார். பின்பக்கம் ஏறி, பிள்ளைகளுக்கு நட்டநடுவில், அவர்கள் தலைக்குக் கீழே தம் தலை வருகிற மாதிரி குந்தினார். மாணவர்களோடு மாணவராக அமர்ந்த இந்த எளிமையைப் பிற்காலத்தில் மேடையில் பலரும் பாராட்டினார்கள்.

ஜீப் முன்னால் போயிற்று. லாரி அதன் புழுதியில் போயிற்று. அப்புறம் புழுதி நின்றது. மேகம் கூடி, காற்று ஈரமாயிற்று. தோட்டத்தின் கீழ்ப் பிரிவைக் கடந்தால் போர்டிக்சன் சாலை. சாலையைப் பிடித்துவிட்டால் கடல் கூப்பிடு தூரம். பிரிவின் கடைசித் திருப்பத்தில், போன மழை தோண்டிய பள்ளம் ஒன்றில் லாரியின் பின்சக்கரம் இறங்கி, சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

"மாட்டிக்கிச்சு சார்! எறங்குங்க எல்லாரும்!" என்று நஸ்ருதீன் கத்தினான்.

பிள்ளைகள் இறங்கினார்கள். இரு பக்கமும் பால்மரங்கள். அன்று காலை வெட்டிய மரங்கள்; ஒவ்வொரு மரத்திலும் கட்டியிருந்த மங்குக் கிண்ணம் நிறையப் பால், வெள்ளை வெளேரென்று தளும்பிக்கொண்டிருந்தது. வெட்டியவர்கள் தூரத்து நிரையில் இருந்தார்கள்.

அப்போதுதான் பஞ்சாலையின் முதுகில் முதல் துளி விழுந்தது.

பட்டணத்துப் பிள்ளையாக இருந்தால் தலையில் கையை வைத்துக்கொண்டு லாரிக்கு அடியில் ஓடியிருக்கும். தோட்டத்துப் பிள்ளைக்கு அது தெரியாது. மழை விழுந்தால் மங்கு நிறைந்து பால் வழிந்து மண்ணுக்குப் போகும். பால் போனால் அன்றைக்குப் பாடுபட்டதும் போகும். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி வாயைத் திறப்பார். வீட்டில் அடுப்பு மூடும். நடை பழகும்போதே கால்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. முதல் துளிக்கு மரத்தை நோக்கி ஓடு.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. கையில் வாளி இருந்தது, எதிரில் மரம் இருந்தது, மேலே மழை இருந்தது. தீபாவளிச் சட்டையும் பாவாடையுமாகச் சிதறி ரப்பர்க் காட்டுக்குள் பாய்ந்துவிட்டார்கள்.

வாத்தியார் விசிலை ஊதினார். மழையில் அது கரைந்தது.

முன்னால் நின்ற ஜீப்பில் இருந்த கான்ஸ்டபிள்களுக்குத் தெரிந்தது வேறு. லாரி நிற்கிறது. பிள்ளைகள் தெறித்து ஓடுகிறார்கள். மரங்களுக்கு இடையில், மழைத்திரைக்குப் பின்னால், தலைகள் குனிவதும் நிமிர்வதுமாக இருக்கின்றன. விசில் சத்தம் வேறு. "பதுங்கியிருக்கான்!" என்று ஒருவன் கூவ, துப்பாக்கிகள் தோளுக்கு ஏறின. துப்பாக்கிக் குதிரையைப் பின்னுக்கு இழுக்கிற சத்தம் வரிசையாகக் கேட்டது.

திருநாவுக்கரசு அவர்கள் அந்தக் கணத்தில் காட்டிய வேகம், கல்வித் துறையில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் காட்டாதது. லாரிக்கு அடியில் சேற்றில் குப்புற விழுந்து, இயற்கை அன்னையின் மடியில் முகம் புதைத்தார். சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியவர் அன்று அவர் ஒருவரே.

மரங்களுக்கிடையில் ஒரு பெண்ணின் குரல் அலறியது. "சுடாதீங்கய்யா! எம் புள்ள! அய்யோ, புள்ளைங்கய்யா!" வள்ளியம்மா தூரத்து நிரையிலிருந்து, வாளியைப் போட்டுவிட்டு, துப்பாக்கிகளுக்கு நேராக ஓடி வந்துகொண்டிருந்தாள்.

துரை ஜீப்பிலிருந்து குதித்தார். தோட்டத் துரையின் கண் அல்லவா? குனிகிற தலைகள் எதற்குக் குனிகின்றன என்று அவருக்கு உடனே தெரிந்தது. "டோன்ட் ஷூட்! சுடாதே, முட்டாள்! பால் எடுக்குறான்!"

துப்பாக்கிகள் தாழ்ந்தன. வள்ளியம்மா மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மழை எந்த அவசரத்தில் வந்ததோ அதே அவசரத்தில் போயிற்று. சாலையோரத்துத் துண்டு முழுவதிலும் பால் தப்பியிருந்தது. பிள்ளைகள் நிறைந்த வாளிகளோடு, நனைந்த கோழிகளைப் போல வரிசையில் நின்றார்கள்.

துரை ஒவ்வொரு வாளியாக எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு வாளிக்கும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"வாத்தியார் எங்கே?"

வாத்தியார் லாரிக்கு அடியிலிருந்து வெளிப்பட்டார். வெள்ளை உடுப்பு என்று சொல்வதற்குக் கழுத்துப்பட்டை மட்டும் பாக்கியிருந்தது. விசில் தொங்கியது.

"இது நீ சொல்லிக் குடுத்தான்?"

அந்த ஒரு கேள்வியில் தெமியாங் இருந்தது. தார் ரோடு இருந்தது. ரொட்டிக் கடையும் அரிசிப் பானை வைக்கும் மூலையும் இருந்தன. வாத்தியார் சேற்றைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"ஆம் துரை. இதுதான் திறந்தவெளிக் கல்வி."

"வெரி குட்! நான் இந்த மாதிரி ஸ்கூல் பார்த்தது இல்லே!"

இதற்குள் நஸ்ருதீனும் கான்ஸ்டபிள்களும் தோள் கொடுத்து லாரியைத் தூக்கிவிட்டிருந்தார்கள். "லோரி ரெடி சார்! ஏறச் சொல்லுங்க. சுருக்கா கடலுக்குப் போயிரலாம்!"

பஞ்சாலை வாளியோடு வாத்தியாரிடம் வந்தாள். ரிப்பன் அவிழ்ந்து கழுத்தில் ஒட்டியிருந்தது. முகம் மட்டும் பளிச்சென்றிருந்தது. "சார், பால ஊத்திட்டு வாளியக் கழுவிடவா? கிளிஞ்சல் போடணும்ல?"

துரை தூரத்து நிரைகளைப் பார்த்தார். அந்தப் பக்கம் இன்னும் எடுக்காத மங்குகள் வரிசையாக இருந்தன. மேற்கே இன்னொரு மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"என்ன வாத்தியார்? கடல் போறான்? இல்லே, பால் முடிக்கிறான்? நீ சொல்லு. நீதான் ஹெட்மாஸ்டர்."

வள்ளியம்மா எழுந்துவிட்டாள். "அத நாங்க பாத்துக்கிறோம் சார். நாங்க இத்தன பேர் இருக்கோம். மானம் வெளுத்துருச்சு, நீங்க புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போங்க. கடலு இந்தா இருக்கு." அவள் கை சாலையைக் காட்டியது.

துரை அவசரப்படவில்லை. பைப்பில் புகையிலை அடைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் மனிதாபிமானி, வாத்தியார் கடல் என்று சொல்லியிருந்தால் சரி என்று தலையாட்டியிருப்பார். அது வாத்தியாருக்கும் தெரியும். ஆனால் சரி என்று சொல்கிற துரைக்கும், வெரி குட் என்று சொல்கிற துரைக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! அந்தத் தூரம் வௌவால் தோட்டத்திலிருந்து தெமியாங் வரை.

திருநாவுக்கரசு விசிலை எடுத்து நீளமாக ஊதினார். இந்த முறை மழை இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்டது. அவர் கை உயர்ந்தது. லாரிப் பக்கம் போகவில்லை. மரங்களைக் காட்டியது.

பஞ்சாலை வாளியைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். அப்புறம் மற்றப் பிள்ளைகளோடு போனாள்.

இந்தப் பயணம் பற்றி மேலிடத்துக்குப் போன அறிக்கையைக் குறை சொல்ல முடியாது. 'மாணவர்கள் கடற்கரையை நோக்கி அழைத்துச் செல்லப்பட்டனர்' என்று அது சொன்னது, நோக்கித்தானே போனார்கள்! 'ஏராளமான இயற்கைப் பொருள்களைச் சேகரித்தனர்' என்றது. கம்பெனி ஸ்டோரில் அளந்து வாங்கிய பொருளை இல்லையென்று யார் சொல்வது?

அதன்பிறகு வௌவால் தோட்டத்தில் திறந்தவெளிக் கல்விக்கு ஒத்திவைப்பு என்ற பேச்சே இல்லை. வானம் கறுத்தால் ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். பள்ளியில் சிலேட்டுகள் கவிழும், வாளிகள் நிமிரும். தகரமுள்ள பாதி, தகரமில்லாத பாதி என்ற பேதமெல்லாம் ஒழிந்தது. அறிவு வளர்ந்ததோ இல்லையோ, ஈளை வளர்ந்தது. சின்னப் பிள்ளைகள் இருமியபடியே வாய்ப்பாடு சொன்னார்கள். கூரையை இனிமேல் பழுது பார்ப்பது வீண் செலவு என்று ராமசாமி கிராணி கண்டுபிடித்தார். மழை பெய்யும்போது உள்ளேதான் யாரும் இல்லையே!

தெமியாங் உத்தரவு வந்தது. வழியனுப்பு விழாவில் துரை கைகுலுக்கினார். ரோஜா மாலையின் நடுவிலிருந்து வாத்தியார் பேசினார். "இந்தப் பிள்ளைகளுக்கு நான் உலகத்தைத் திறந்துவிட்டேன்" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பெண்கள் பக்கத்திலிருந்து செல்லம்மா, "தொறந்தாரு, சாத்துனாரா பாருங்கடி, சாரல் அடிக்குது" என்று சொன்னது மேடைக்குக் கேட்கவில்லை. அன்றும் நடுவில் தூறல் போட்டதால் பாராட்டுப் பத்திரம் படிக்கும்போது கேட்க மாணவர்கள் யாரும் இல்லை. அவர்கள் திறந்தவெளியில் இருந்தார்கள்.

தெமியாங்கில் குடியேறியதும், அரிசிப் பானையை அதற்குரிய மூலையில் வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை லெட்சுமி அம்மாளோடு பஸ் ஏறி சி ரூசாவுக்குப் போனார். நல்ல வெயில். ஐஸ்கிரீம் வாங்கித் தின்றார்கள். கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு அலையில் நின்றபோது அவருக்குச் சட்டென்று ஒரு நினைவு வந்தது. கடற்கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தார். தண்ணீர் வானம் வரை போயிற்று. கம்பி எதுவும் இல்லை.

கொடுத்த வாக்கை மறக்கிறவரா அவர்? பால் லாரியில் சிரம்பானுக்கு வரும் நஸ்ருதீன் அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"பஞ்சாலை எப்படியிருக்கிறாள்?"

"மரம் வெட்டுறா சார். அம்மாவோட பக்கத்து நெறதான். நல்ல கை."

"அவள் என்னிடம் ஒரு வினா கேட்டிருந்தாள். மாணவியின் வினாவை விடையில்லாமல் விடுவது ஆசிரியருக்கு அழகல்ல. கடலுக்கு வேலி கிடையாது, நான் நேரில் சென்று பார்த்து உறுதி செய்தேன் என்று சொல்லிவிடு. மிகவும் மகிழ்ச்சி அடைவாள்."

அதற்கடுத்த முறை நஸ்ருதீன் வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை. வாசற்படியிலேயே நின்று தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"சொன்னாயா?" என்றார் வாத்தியார் ஆவலோடு.

"சொன்னேன் சார்."

"என்ன சொன்னாள்?"

"விடுங்க சார், சின்னப் புள்ள லா."

"பரவாயில்லை, சொல். மாணவியின் நன்றியைக் கேட்பதில் எனக்குக் கூச்சமில்லை."

நஸ்ருதீன் தொண்டையைச் செருமினான்.

"'தெரியும்ணே, கடலுக்கு வேலி இல்ல. வேலி எங்க நின்னுச்சுன்னு நாங்கதான் அன்னிக்கே பாத்தோமே. கழுத்துல விசில் மாட்டியிருந்துச்சு'ன்னு சொன்னா சார்."